எஞ்சின் கொள்ளளவும் எரிபொருட் சிக்கனமும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1970ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தனது கடிலாக் எல்டொராடோ மோட்டார் வாகனத்தில் 500 கன அங்குலம், அதாவது 8.2 லீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினைப் பொருத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1982இல் வெளிவந்த கடிலாக்கின் புதிய எஞ்சினோ 4.1 லீற்றர் கொள்ளளவையே கொண்டிருந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் எஞ்சின் பாதியாகச் சுருங்கியமைக்குக் காரணம் யாது? பெரிய எஞ்சின் எதனைத் தருகின்றது, அதற்கு ஈடாக எதனைப் பெறுகின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்ளளவின் பயன்

முசலம் உருளையினுள் ஒருமுறை அசையும்போது கடக்கும் கனவளவை உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்க வருவதே எஞ்சினின் கொள்ளளவாகும். மேற்கூறிய எஞ்சினில் உருளையொன்றுக்கு 62.5 கன அங்குலமாக எட்டு உருளைகள் இருந்தன. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். ஆகவே, எஞ்சின் உள்ளிழுக்கும் வளியின் அளவே அது எரிக்கக்கூடிய எரிபொருளுக்கு எல்லை வகுக்கின்றது. கொள்ளளவு கூடும்போது ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் முறுக்கமும் கூடும். வலு என்பது முறுக்கத்தினதும் சுழற்சி வேகத்தினதும் பெருக்கமாகும். எனவே பெரிய எஞ்சின் மெதுவாகச் சுழன்றே தரும் வலுவைச் சிறிய எஞ்சின் விரைந்து சுழன்றே தரமுடியும். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்தை ஓசையின்றியும் அடிக்கடி கியர் மாற்றாமலும் இழுத்துச் செல்வதற்குப் பெரிய எஞ்சின் ஏற்றதாயிருந்தமை இதனாலேயாகும்.

அதன் விலை

ஆயினும் சமதளப் பாதையிற் சீரான வேகத்திற் செல்லும் வாகனத்துக்கு எஞ்சினின் உச்ச வலுவில் ஒரு சிறு பங்கே தேவைப்படுகின்றது. எஞ்சியதைக் கட்டுப்படுத்துவதற்காகப் பெற்றோல் எஞ்சினில் வளி புகும் வழி ஒரு தடுப்பிதழால் ஒடுக்கப்படுகின்றது. அப்போது உள்ளெடுகுழாயில் அமுக்கம் குறைகின்றது. அக்குறைந்த அமுக்கத்துக்கு எதிராக வளியை இழுப்பதிலேயே முசலங்கள் வேலையின் ஒரு பகுதியைச் செலவிடுகின்றன. பெரிய உருளைகளும் தாங்கிகளும் உராய்வையும் பெருக்குகின்றன. வெளியே கிடைக்கும் பயன்வேலை சிறிதாயிருக்கும்போது இவ்விழப்புகளின் வீதாசாரம் பெரிதாகின்றது. மேலும், பாரமான எஞ்சினைத் தாங்கப் பாரமான சட்டமும் வலிய தடுப்புகளும் வேண்டும். அப்பாரத்தை இழுக்க மீண்டும் வலு வேண்டும். இது தன்னைத் தானே வளர்க்கும் ஒரு சுழல்.

இதிலிருந்து, சிறிய எஞ்சின் எப்போதும் சிக்கனமானது என்று முடிவு செய்வது அவசரமாகும். 4.1 லீற்றர் எஞ்சின் முதலில் 125 பரிவலுவையே தந்தது. பாரமான வாகனத்தில் இத்தகைய எஞ்சின் ஏற்றங்களிலும் வேகங்கூட்டும்போதும் தன் எல்லைவரை உழைக்கவேண்டியதாகின்றது. அந்நிலையில் எரிபொருட் கலவையும் செறிவாக்கப்படுவதுண்டு. மறுபுறம், 5.7 லீற்றர் எஞ்சினுடன் 345 பரிவலுவைத் தந்த 1997ஆம் ஆண்டின் செவ்ரொலெட் கொர்வெற், நெடுஞ்சாலைச் சோதனையில் கலனுக்கு 28 மைல் சென்றது. அதன் ஆறாவது கியரில் எஞ்சின் மிக மெதுவாகச் சுழன்றதும், வாகனம் பாரங்குறைந்து காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவுடையதாயிருந்ததும் காரணங்களாகும். ஆகவே கொள்ளளவைத் தனித்து நோக்காது, எஞ்சின் எந்தச் சுமையில், எந்த வேகத்தில் இயக்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இரு நிலைகளினதும் நன்மையை ஒருங்கே பெறும் முயற்சியாக, 1981இல் கடிலாக் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு உருளைகளில் இயங்கும் எஞ்சினை வெளியிட்டது. அக்காலக் கணினிக் கட்டுப்பாடு அதற்குப் போதாமையால் ஓராண்டின் பின் பெரும்பாலான வாகனங்களிலிருந்து அது நீக்கப்பட்டது. அக்கருத்து 2000களின் நடுப்பகுதியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

சமூகத்தின் தெரிவு

எஞ்சினைச் சுருங்கச் செய்தது பொறியியல் மட்டுமன்று. 1973 ஒற்றோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையும், அதனைத் தொடர்ந்து பீப்பாயொன்று ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 12 டொலரை அண்மித்த விலையேற்றமும் அமெரிக்காவை உலுக்கின. 1975ஆம் ஆண்டின் சட்டம், கார்களின் சராசரி 1978இல் கலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும் அமையவேண்டுமென விதித்தது. கார்களும் இலகு டிரக்குகளும் சேர்ந்த புதிய வாகனங்களின் உண்மைச் சராசரி, 1975இல் 13.1 மைலாக இருந்து 1987இல் 22.0 மைலாக உயர்ந்தது. பின்னர் எண்ணெய் மலிந்தது. தளர்ந்த விதிகளுக்குட்பட்ட இலகு டிரக்குகள் பெருகின. 2004இல் அச்சராசரி 19.3 மைலுக்கு வீழ்ந்தது. அதே காலத்தில் சராசரி வலு 118 பரிவலுவிலிருந்து 211 ஆக உயர்ந்தது.

தொழில்நுட்பம் இக்காலத்திற் பின்னடையவில்லை. பொருளியலாளர் கிறிஸ்தோபர் நிற்றெல் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாரமும் வலுவும் 1980ஆம் ஆண்டின் அளவிலேயே நின்றிருப்பின் 2006 அளவில் எரிபொருட் சிக்கனம் ஏறத்தாழ 60 வீதம் உயர்ந்திருக்கலாம். உண்மையில் உயர்ந்தது 15 வீதம் அளவேயாகும். பொறியியலாளர் ஈட்டித் தந்த வினைத்திறனின் பெரும்பகுதி வேகத்துக்கும் பருமனுக்குமே செலவிடப்பட்டது.

வலுவுக்கும் சிக்கனத்துக்கும் இடையிலான மாற்று வீதத்தைப் பொறியியல் கூறும். அந்த வீதத்தில் எதை வாங்குவது என்பதை விலையும் சட்டமும் விளம்பரமும் சேர்ந்தே தீர்மானித்துள்ளன. எண்ணெய் மலிவாயிருந்த ஆண்டுகளில் செய்யப்பட்ட அத்தெரிவின் சுமையை, வாகனத்தை வாங்கியவர்கள் மட்டுமன்றி, அதன் புகையைச் சுவாசிக்கும் யாவருமே சுமக்கின்றனர்.