சடங்கு முதலில், தாளம் பிறகு

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓசைகள் – 12

இல்லாத நாட்டுக்கு இசை கேட்கிற காலம் இது. சினிமா கேட்கிறது, கணினி விளையாட்டு கேட்கிறது, கற்பனை நாவல் எழுதுகிறவர்கள்கூடத் தங்கள் கதைமாந்தர் என்ன பாடுவார்கள் என்று யோசிக்கிறார்கள். அதிலும் இருண்ட சடங்கிசைக்குத்தான் தேவை அதிகம். பலி, இழவு, முடிசூட்டு, சாமி இறங்கும் நேரம் என்று, மனிதர் தம்மைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிற காட்சி எதுவானாலும் அந்த இசை வேண்டியிருக்கிறது. மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டு அறையில் கணினியை வைத்துக்கொண்டு இசையமைக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு புது இசைவகையை உருவாக்கிப் பார்க்கும் ஆசை உண்டு. இந்த வாரக் கட்டுரை அவர்களுக்காக.

இது உலகம் பழகிய வேலைதான். 2010 செப்டம்பரில் நெதர்லாந்தின் த ஹேக் நகரில் கிளிங்கான் மொழியில் ஒரு முழு ஓபரா மேடையேறியது. 'ஸ்டார் டிரெக்' கதைக்காகக் கற்பனை செய்யப்பட்ட போர்க்குடி கிளிங்கான். 2021-இல் வந்த 'டூன்' படத்தின் பாலைவன மக்களுக்கு இசை தந்த ஹான்ஸ் சிம்மருக்கு ஆஸ்கார் கிடைத்தது. நார்வேயின் 'வார்ட்ருனா' குழு தோல்முரசையும் ஆட்டுக்கொம்பையும் வைத்துப் பழைய வட ஐரோப்பியச் சடங்குகளின் ஒலியைப் புதிதாகப் படைக்கிறது. வைக்கிங்குகள் தங்கள் இசையை எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நம் பக்கத்தில், 2010-இல் வெளியான செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் நாடிழந்து மறைந்து வாழும் ஒரு சோழக் கூட்டத்துக்கு ஜி.வி. பிரகாஷ்குமார் இசை தேடினார். அதற்கும் முன்னால், 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ருத்ரா' குழு, மெட்டல் இசையின் இரைச்சலுக்குள் சமஸ்கிருத மந்திர ஓதலைக் கொண்டுவந்து, அந்தக் கலவைக்கு 'வேத மெட்டல்' என்று தானே பெயரிட்டது.

ஆனால் இப்படிச் செய்யப்படும் இசையில் பெரும்பகுதி மனத்தில் தங்குவதில்லை. காரணம் ஒன்றுதான்: ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள். அடித்தொண்டையில் ஒரு முனகல், ஒரு பெருமுரசு, புரியாத மொழியில் நாலு சொல், எல்லாவற்றின் மேலும் எதிரொலி. முதல் நிமிடம் அச்சமாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் சலித்துவிடும். சடங்கிசை யாரையும் பயமுறுத்தப் பிறந்ததில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. யாருக்காக, எப்போது, எங்கே என்ற கட்டளை இருக்கிறது. இன்னார் தொடலாம், இன்னார் தொடக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. இருள் அந்தக் கட்டளைகளிலிருந்து வருகிறது. அவற்றை முதலில் படைத்தால், ஒலி தானாக வந்து சேரும்.

சான்றுக்குத் தொலைவு போகவேண்டாம். உறுமி மேளம் என்று இன்று நாம் சொல்வது இந்த மண்ணில், நம் கண்ணெதிரே உருவான ஓர் இசைவகை. கருவி பழையது, தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நடுவே இடுங்கிய உடல், இரண்டு பக்கமும் தோல். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க ஒலி வழுக்கி ஏறி இறங்கும். மறு முகத்தை நேர்குச்சியால் அடிக்கத் தாளம் பிறக்கும். ரப்பர் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும் முனியாண்டி பூசைக்கும் வாசித்தார்கள். பிறகு தோட்டங்கள் போயின. புத்ராஜெயா நிற்பது பிராங் பெசார் தோட்டத்தின் மேல். சுபாங் ஜெயா நிற்பது சீஃபீல்டு தோட்டத்தின் மேல். அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் உறுமியோடு பம்பையையும் தவிலையும் ஜால்ராவையும் சேர்த்துக் குழு கட்டினார்கள். குழுவுக்கு ஒரு பெயர், ஒரே நிறச் சட்டை, பதிவு செய்த பாட்டு, கருப்பருக்கும் காளிக்கும் புதுப்புது வரிகள். தமிழ்நாட்டுக் கிராமத்து வடிவத்தை அப்படியே திருப்பி வாசிக்காமல், தோட்டமும் நகரமும் சினிமாவும் கலந்த தங்கள் சொந்த ஒலியைக் கண்டார்கள்.

அந்த ஒலிக்கு வலிமை தந்தது அதன் வேலை. தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் ஆற்றங்கரையில் அலகு குத்தும் நேரத்தைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். குத்தும் வரை தாளம் ஆளைச் சுற்றி நெருங்கி நிற்கும். அருள் வந்ததும் விரையும். காவடி நடக்கத் தொடங்கியதும் நடைக்கு ஏற்ப இறங்கி நிதானப்படும். காவடி எடுத்தவர் களைத்து நின்றால் குழுவும் அவரோடு நின்று, மறுபடி அவரை எழுப்பும். வேகத்தை முடிவு செய்வது அந்த மனிதரின் உடம்பு. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊர்வலமும் மேளமும் பிரிக்கப்படவில்லை. இங்கே அது தழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சடங்குக் கட்டளை என்றால் என்ன என்பதற்கு இதே பள்ளத்தாக்கில் இன்னும் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதல் பாடம், சிலாங்கூர் அரண்மனையின் நோபாட். முரசும் செருனாயும் நீண்ட நஃபிரி ஊதுகொம்பும் கொண்ட அரச வாத்தியக் குழு. சுல்தான் அரியணை ஏறும்போதும் அவர் மறையும்போதும் அது ஒலிக்கும். நினைத்தவர் நினைத்த மேடையில் வாசிக்கிற இசை இல்லை அது. மேற்காசிய அரசவைகளின் வாத்திய மரபு கடல்வழி வந்து மலாய் அரண்மனைகளில் புனிதமானது. இசைக்கலப்பு இப்படித்தான் நடக்கிறது: ஒரு வரலாறு இரண்டு மக்களைச் சந்திக்க வைக்க, பிறகு கருவிகள் சந்திக்கின்றன.

இரண்டாவது, சீனர்களின் ஏழாம் மாதம். பசித்த ஆவிகளுக்காக நடக்கும் நாடகத்திலும் பாட்டுக் கச்சேரியிலும் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுகிறார்கள். அவை ஆவிகளுக்கு. பாட்டு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் சரி, அந்த வெற்று நாற்காலிகள் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன.

மூன்றாவது, கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் வாழும் மா மெரி பழங்குடியினரின் மூதாதையர் திருநாள். மர முகமூடி அணிந்து, சிறு மண்மேட்டைச் சுற்றி வட்டமாக ஆடுகிறார்கள். மேளம், கோங் எனப்படும் மணிக்கலம், வயலினைப் போன்ற ஒரு நரம்புக்கருவி, அவற்றோடு மூங்கில் குழாய்களைக் குத்தி எழுப்பும் தாளம். ஆர்ப்பாட்டம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு ஓசையில் முன்னோர் வந்து நிற்பதாக அவர்கள் நம்புகிறார்கள்.

இனி நாமே ஒரு குடியைக் கற்பனை செய்து பார்ப்போம். சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் குகைவாயிலிலிருந்து உள்ளே இருட்டுக்குள் நடந்து போகிறார். ஓசைதான் அவருக்கு வழிகாட்டி. ஓசை நின்றால் வழி தவறிவிடுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த ஒரு நம்பிக்கையே இசையின் பாதியை எழுதிவிடுகிறது. விடியும்வரை ஒலி அறுபடக்கூடாது. ஆகவே மூச்சு விடாத ஒரு சுருதி வேண்டும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒத்து ஊதுகிறவர், மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதுவாரே, அந்த முறை. ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் அதே சுரத்தில் சேர்ந்துகொண்ட பிறகே முதலாமவர் விலகலாம். இரண்டு குழல்களும் இம்மியளவு சுருதி பிசகிச் சேரும் அந்தக் கணத்தில் ஓர் அதிர்வு எழும். கேட்பவரின் முதுகுத்தண்டில் ஊர்வது அதுதான்.

அடுத்து, இடம். பத்துமலையின் பெரிய குகைக்கூரை சுமார் 100 மீட்டர் உயரம். அப்படிப்பட்ட வெளியில் ஓர் அடியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த அடி விழுந்தால் எல்லாம் கலங்கிவிடும். ஆகவே குகைவாசிகளின் தாளம் மெதுவாகத்தான் இருக்கமுடியும். அடிகளுக்கு இடையே உள்ள வெளியும் அவர்களுக்குத் தாளம்தான். அந்த வெளியில் உறுமியின் வழுக்கல் ஒலியை வைத்துப் பாருங்கள்.

பிறகு வரம்புகள். இழவு வீட்டார் மேளத்தைத் தொடக்கூடாது. முதல் அடியைத் தோல் பதனிடும் குடும்பமே அடிக்கவேண்டும். பெரிய மணிக்கலம் இரவு முழுவதும் கண்முன் தொங்கினாலும் விடியும்போது ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அந்த ஓர் ஒலிக்காகக் கேட்பவர் இரவெல்லாம் காத்திருப்பார். கடைசியில் கலப்பு. கடல்வழி வந்த வணிகர் ஓர் ஊதுகொம்பைக் கொடுத்துப் போனார்கள் என்றால், அதை இந்தக் குடி எந்த இடத்தில் அனுமதிக்கும்? குகைவாயில் வரைக்கும் மட்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவர், மின்கிதாரை எங்கே சேர்ப்பது என்றும் தெரிந்துகொள்வார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இருண்ட இசையைக் கெட்டவர்களின் இசையாக்குகிற பழக்கம் நம் சினிமாவில் ஊறிப்போயிருக்கிறது. 2015-இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர் என்ற எதிரிக் குடிக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்ற மொழியையே உருவாக்கினார்; அந்த உழைப்பு பெரிது. ஆனால் திரையில் அந்த மக்கள் கறுத்த மேனியும் கொடூரமும் கொண்ட கூட்டமாகத்தான் நின்றார்கள். தோல்மேளம் முழங்கினால் காட்டுமிராண்டி வருகிறான் என்று பார்வையாளரைப் பழக்குவது, அந்த மேளத்தைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2005 டிசம்பர் 31 இரவு, பழைய கிள்ளான் சாலையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்குள் போலீஸ் புகுந்து நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. இருண்ட மெட்டல் வகையான 'பிளாக் மெட்டல்' கூட்டம் என்ற சந்தேகம். நாமும் அப்படி ஒன்றும் மாறுபட்டவர்கள் இல்லை. உறுமி தூக்கி வரும் பிள்ளைகளைக் கண்டதுமே அடியாள் கூட்டம் என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே இளம் இசையமைப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் கற்பனைக் குடிக்கு முதலில் ஒரு சடங்கை எழுதுங்கள். கணினியை அதற்குப் பிறகு திறங்கள். இணையத்தில் விற்கும் மேள ஒலித்துணுக்குகளை அடுக்குவதைவிட, உங்கள் வட்டாரத்து உறுமிக்காரரை அழையுங்கள். வாசித்ததற்கு உரிய கூலி கொடுங்கள். படைப்பில் அவர் பெயரைப் போடுங்கள். மா மெரி மக்களின் முன்னோர் இசையைப் போன்ற, இன்றும் வழிபாட்டில் இருக்கும் ஒன்றைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோட்டக் காலத்து மேளக்காரர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்களின் அடிகளையும், எந்த அடி எந்தச் சாமிக்கு என்பதையும் இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள். உங்கள் கையிலுள்ள தொலைபேசி அதற்குப் போதும்.

(தொடரும்)