ஊரிலிருந்து உறவினர் வந்தால் மும்பையில் எதைக் காட்டுவது?

கோடை விடுமுறை விட்டதும் மும்பைத் தமிழர் வீடுகளில் விருந்தினர் வரவும் தொடங்கிவிடும். நெல்லையிலிருந்து அத்தை வருவார். நாகர்கோவிலிலிருந்து மாமா பிள்ளைகளோடு வந்து இறங்குவார். முறுக்கும் அதிரசமும் டின் டின்னாக வந்து சேரும். ஒற்றை அறை வீட்டில் எட்டுப் பேர் படுக்க இடம் பார்க்க வேண்டும். அதுகூடப் பெரிய பாடு அல்ல. "நாளைக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்பார்களே, அதற்குத்தான் நம்மிடம் சட்டென்று பதில் இருக்காது.

இங்கே இருபது வருடம் குப்பை கொட்டியும் எலிபெண்டா குகையை எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் ஏராளம். வேலை, ரெயில், வீடு என்று ஓடியே காலம் போய்விடுகிறது. உறவினர் வந்த பிறகு அவசர அவசரமாக ஒரு வண்டியை அமர்த்தி, காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டிவிட்டு, இரவு பத்து மணிக்குத் திரும்புகிறோம். ஊருக்குப் போன பிறகு அவர்களுக்கு என்ன நினைவிருக்கும்? போக்குவரத்து நெரிசலும் கால்வலியுந்தான்.

இந்த ஊரைப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. கடலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அது. மும்பை முதலில் ஏழு தீவுகளாக இருந்த ஊர். இடையில் கிடந்த கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்து ஒரே நிலமாக ஆக்கினார்கள். 1661-ல் போர்த்துக்கீசிய இளவரசி கேதரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு மணம் பேசி முடித்தபோது இந்தத் தீவைச் சீதனமாகக் கொடுத்தார்கள். மன்னர் 1668-ல் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். (நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்துக் காசு!) சீர்வரிசை பற்றி ஓயாமல் பேசும் உறவினர்களுக்கு இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

யானை இல்லாத யானைத்தீவு

முதல் நாளைத் தெற்கு முனைக்கு ஒதுக்கலாம். காலை ஒன்பது மணிக்குள் கேட்வே ஆப் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்ததன் நினைவாக எழுந்த வாயில் இது. வேடிக்கை என்னவென்றால், மன்னர் வந்தபோது வாயில் கிடையாது. அட்டையில் செய்த மாதிரியைத்தான் அவர் பார்த்தார். கட்டிடம் முடிந்து திறப்பு விழா நடந்தது 1924 டிசம்பரில். எதிரே நிற்கும் தாஜ் ஓட்டல் 1903-லேயே வந்துவிட்டது. மன்னரை வரவேற்கக் கட்டிய இந்த வாயில் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28-ந் தேதி கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு நாட்டை விட்டு வெளியேறியது.

அங்கிருந்து எலிபெண்டாவுக்குப் படகு. தூரம் சுமார் 10 கிலோ மீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். 2024 டிசம்பர் 18-ந் தேதி இந்த வழியில் ஒரு பயணிகள் படகின் மீது விசைப்படகு மோதிப் பலர் உயிரிழந்தது நினைவிருக்கலாம். ஆகவே லைப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட பிறகே குழந்தைகளை உட்கார வையுங்கள். "புழுக்கமா இருக்கு" என்று பெரியவர்கள் கழற்றப் பார்ப்பார்கள். விடாதீர்கள். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. மழைக்காலத்தில் படகை நம்பித் திட்டம் போடக்கூடாது.

தீவில் சுமார் 120 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல ஆட்கள் கிடைப்பார்கள். கூலியை முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது. புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்குக்குத்தான் விருந்து.

உள்ளே போனால் கேள்விக்கே இடம் இல்லை. மலையைக் குடைந்து, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சிவன் கோவில். இருட்டுக்குள்ளிருந்து ஏறக்குறைய 20 அடி உயரத்தில் மூன்று முகத்தோடு சதாசிவர் தோன்றுவார். நடராஜர், அர்த்தநாரீசுவரர், கங்கையைச் சடையில் ஏந்தியவர், கயிலையைத் தூக்கும் ராவணன் எல்லாம் உண்டு. நம் ஊர்க் கோவில்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. ஒவ்வொரு சிலையாக அவர்களே பெயர் சொல்லிக்கொண்டு போவார்கள். பல சிலைகளுக்குக் கை கால் இல்லாததைப் பார்த்து வருத்தப்படுவார்கள். பூசை நடக்கும் கோவில் அல்ல என்பதால் சூடம் கொளுத்த முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"யானைத்தீவு என்று சொல்லிவிட்டு யானையைக் காட்டவில்லையே" என்று பிள்ளைகள் கேட்கும். போர்த்துக்கீசியர் இந்தப் பெயரை வைக்கக் காரணமாக இருந்த கல்யானை இப்போது பைகுல்லாவில், ராணி பாக் வளாகத்து அருங்காட்சியகத்தின் அருகில் நிற்கிறது. அதே ராணி பாக் மிருகக்காட்சி சாலையில் 2017 முதல் பென்குவின் பறவைகளும் உண்டு. பிள்ளைகளுக்கென்று அரை நாள் ஒதுக்கினால் இதற்கு ஒதுக்குங்கள். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

கடலுக்குள் போகும் சூரியன்

மாலைக்கு மெரின் டிரைவ். செலவு சல்லிக்காசு கிடையாது. மூன்றரை கிலோ மீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் கடற்கரைச் சுவரில் இடம் பிடித்து உட்கார்ந்தால் போதும். சாலையின் மறுபக்கம் வரிசையாக நிற்கும் பழைய அடுக்குமாடி வீடுகளையும் சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் நம்மவர்களைச் சொக்க வைப்பது அது அல்ல.

எங்கள் பெரியம்மா பாவூர்சத்திரம் பக்கம். கடல் என்றால் அவருக்குத் திருச்செந்தூர்தான். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தவர், திடீரென்று என் கையைப் பிடித்தார். "என்னலே இது, சூரியன் கடலுக்குள்ளேல்லா போவுது!" என்றார். எழுபது வயதில் அவர் அதை முதன்முதலாகப் பார்க்கிறார். நாங்கள் அந்த வழியாக எத்தனையோ தரம் பஸ்சில் போயிருக்கிறோம். மேற்குக் கடற்கரை என்பது ஒரு நாளும் எங்கள் மனதில் பட்டது இல்லை. (கன்னியாகுமரிக்காரர்களிடம் இந்தப் பெருமை செல்லாது. அவர்களுக்கு இரண்டு காட்சியும் ஒரே இடத்தில் உண்டு.)

சுவருக்கு அப்பால் கிடக்கும் நாலு கால் கான்கிரீட் கட்டைகள் மீது இறங்கிப் படம் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். பாசி வழுக்கும். விழுந்தால் ஏற முடியாது. வடக்குக் கோடியில் சௌபாத்தி மணலில் பேல்பூரி சாப்பிடலாம், கால் நனைக்கலாம். குளிக்க வேண்டாம்.

கடல் வழி விடும் நேரம்

மறுநாள் ஹாஜி அலி தர்கா. கரையிலிருந்து கடலுக்குள் நடந்து போகும் பாதை அலை ஏறும்போது மூழ்கிவிடும், இறங்கும்போது வெளியே தெரியும். சென்னை மெரினாவில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இங்கே அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி நாலு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். ஒரு நாளில் இரண்டு தடவை நீர் ஏறும். இன்று ஏறிய நேரத்துக்கே நாளையும் ஏறாது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே நேற்று போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பாமல், அன்றைய நேரத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பாதையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் "ஓடிப் போயிட்டு வந்திடலாம்" என்ற பேச்சே கூடாது.

பக்கத்திலேயே மகாலட்சுமி கோவில். தரிசனம் முடித்து ஒரு டாக்சி பிடித்து வொர்லியிலிருந்து பாந்திராவுக்குக் கடல் பாலத்தில் போகலாம். 5.6 கிலோ மீட்டர். 2009-ல் திறந்தது. நடந்து போகவோ, ஆட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ போகவோ அனுமதி இல்லை. ஆட்டோ என்றதும் இன்னொன்று: சயான், பாந்திராவுக்குத் தெற்கே நகருக்குள் ஆட்டோவே ஓடாது. தெரியாமல் மாமா தெருமுனையில் நின்று கைகாட்டிக்கொண்டே இருப்பார்.

ஜூகு கடற்கரையும் நடிகர் வீடுகளும் பிள்ளைகளின் பட்டியலில் கட்டாயம் இருக்கும். கூட்டிப் போங்கள். மதில் சுவரையும் காவல்காரரையும் பார்த்துவிட்டு வரலாம்.

ரெயிலில் ஒரு விதி

மும்பைக்கு வந்து மின்சார ரெயிலில் ஏறாமல் போனால் ஊரில் மதிக்க மாட்டார்கள். இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1853 ஏப்ரல் 16-ந் தேதி இங்கிருந்து தாணாவுக்குத்தான் ஓடியது. காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்து முதல் எட்டரை வரையும் தவிர்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு என்று கிளம்பினால் "மெகா பிளாக்" என்று தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே அறிவிப்பைப் பார்ப்பது நல்லது. முதியவர்களைச் சர்ச்கேட்டிலோ சி.எஸ்.எம்.டி.யிலோ காலி வண்டியில் ஏற்றினால் உட்கார இடம் கிடைக்கும். 2025 அக்டோபரில் கப்பரேடு வரை முழுமையாகத் திறந்துவிட்ட சுரங்க மெட்ரோ இன்னும் சவுகரியம்.

வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைத்துவிடுங்கள். இந்தியும் மராத்தியும் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுங்கள்: பிரிந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

அந்த விதிதான் எங்களைக் காப்பாற்றியது. மெரின் டிரைவிலிருந்து திரும்பும்போது தாதரில் வண்டி மாறினோம். கூட்டம் பெரியம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் பிளாட்பாரத்தில். வண்டி போயே போய்விட்டது! அடுத்த வண்டியைப் பிடித்து மாதுங்காவில் இறங்கும்வரை எனக்கு உயிர் இல்லை. பெரியம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண். "இந்தப் பிள்ளை நம்ம ஊருப் பக்கந்தாம்லே" என்றார், எதுவும் நடக்காதது போல. அந்தப் பெண் தன் வண்டியை விட்டுவிட்டு அவருக்குத் துணை இருந்திருக்கிறாள்.

நம்மவர் மும்பை

மறுநாள் எங்கும் வேண்டாம், மாதுங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். அதன் பிறகுதான் எங்கள் பட்டியலில் நாங்களே இல்லை என்பது தெரிந்தது. மாதுங்கா பூக்கடைகள், வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் தெரு, கிங்ஸ் சர்க்கிளில் நம் பாடகர்கள் எல்லாம் பாடிய சண்முகானந்தா அரங்கம், செம்பூர் சேடா நகரில் படியேறிப் போகும் முருகன் கோவில் இவற்றுக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

தாராவியைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. அங்கேயே குடியிருந்துகொண்டு, விருந்தினரை ஜூகுவுக்குக் கூட்டிப்போய்விட்டு, தாங்கள் வேலை செய்யும் பட்டறையைக் காட்டாமல் அனுப்பி வைப்பார்கள். 1987-ல் "நாயகன்" படம் வந்தது முதல் ஊரில் உள்ளவர்களுக்குத் தாராவி என்றால் அடிதடிதான் நினைவு. வந்து பார்த்தால்தானே அது மாறும்? தோலைப் பதப்படுத்தும் தொழிலோடு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் வளர்த்த ஊர் அது. தோல் பைக் கடைகள், குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா, 90 அடி சாலைப் பிள்ளையார் கோவில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஜனவரியில் வருகிறவர்களுக்கு அந்தச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைக் காட்டலாம்.

மறுசீரமைப்புத் திட்டம் வந்துவிட்டது. இன்றுள்ள தெருக்கள் சில ஆண்டுகள் கழித்து இப்படியே இருக்கும் என்று சொல்வதற்கு இல்லை. அப்பா எந்த இயந்திரத்தின் முன் முப்பது வருடம் உட்கார்ந்தார், அண்ணன் முதன்முதலில் வந்து படுத்தது எந்த மாடி என்பதை உறவினருக்குக் காட்ட வேண்டுமானால் இந்த விடுமுறையிலேயே காட்டுங்கள். நம் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். அவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து வண்டி என்றால் அரை மணி முன்னதாகப் போய், 1878-ல் தொடங்கிப் பத்து வருடம் கட்டிய அந்த ரெயில் நிலையத்தை வெளியே நின்று ஒரு தரம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்து இறங்கிய அவசரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். குர்லா டெர்மினஸ் என்றால் வீட்டை விட்டு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். வழியில் சாப்பிட மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கெடாது. காலியான முறுக்கு டின்னை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வருடம் அது நிறைந்து வர வேண்டும் அல்லவா?