பழைய லாரியின் ஏர் பிரேக்: காற்று, தண்ணீர், உப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று டேனரிகளுக்குத் தோல் ஏற்றும் பழைய லாரி ஒன்று உங்களிடம் இருக்கிறதா? சொந்தக்காரரோ டிரைவரோ, இது உங்களுக்குத்தான். புது வண்டியில் சில வேலைகளைக் கருவிகளே பார்த்துக்கொள்ளும். பழைய வண்டியில் அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது? இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி ஏர் டேங்குகளில் நிரப்புகிறது. டேங்கில் சுமார் 7 முதல் 8 பார் வரை ஏறும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 1 பார்). பெடலை மிதித்ததும் அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள பூஸ்டருக்குள் பாய்கிறது (உள்ளே ரப்பர் தகடு வைத்த இரும்பு டப்பா). ரப்பர் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பும் (அந்தக் கம்பியையும் பிரேக்கையும் இணைக்கும் சிறிய கை). லைனர் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். உங்கள் கால் கொடுப்பது உத்தரவு மட்டும். வண்டியை நிறுத்தும் பலம் டேங்கில் உள்ள காற்றுடையது.

அப்படியானால் காற்று போனால் பிரேக்கும் போய்விடுமா? ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குச் செய்த முதல் ஏர் பிரேக்கில் அந்த ஆபத்து இருந்தது. காற்று போனால் பிரேக் தானாகவே பிடிக்கும்படி 1872-ல் அவரே அதை மாற்றினார். லாரியின் பின்சக்கரப் பூஸ்டரில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் அதே யோசனைதான். காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் அடங்கியிருக்கும். காற்று இறங்கினால் பாய்ந்து பிடிக்கும். ஆனால் இதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். ஸ்பிரிங்கும் அதே கம்பி வழியாகத்தான் தள்ள வேண்டும். கம்பியின் ஓட்டம் கூடிப்போயிருந்தால் ஸ்பிரிங்கும் சரியாகப் பிடிக்காது.

முதல் எதிரி தண்ணீர். வெளிக்காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அழுத்திக் குளிர்ந்தால் அது தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகம். தேங்கிய தண்ணீர் காற்றுக்கான இடத்தைக் குறைக்கும், வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் தினமும் ஓட்டம் முடிந்ததும் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, ஒவ்வொரு டேங்கின் அடியிலும் உள்ள வடிகால் வால்வைத் திறந்துவிடுங்கள்.

வெளியே வருவதைக் கவனித்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் வழக்கமானதுதான். ஏர் டிரையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) உள்ள வண்டியில் நிறையத் தண்ணீர் வந்தால், அதன் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கருப்பாக எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது. அந்த எண்ணெய் வால்வுகளின் ரப்பரைக் கெடுத்துவிடும். தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரண்டாவது எதிரி நம் ஊருக்கே உரியது: உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைப் போடுகிறார்கள். லோடு ஏற்றியதும் அந்த உப்புநீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சேஸிஸிலும், ஏர் குழாய்களிலும், டேங்கின் பட்டையிலும், பூஸ்டர்களிலும் இறங்குகிறது. மற்ற லாரியில் பல வருடம் தாங்கும் இரும்புக் குழாய் தோல் லாரியில் சீக்கிரம் அரிக்கப்படும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும். கிளிப் பிடித்த இடத்தில் உள்ளே அரித்திருக்கும். லோடு இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மாதம் ஒருமுறை கிளிப்பைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். என் கருத்தில், தோல் ஏற்றும் வண்டிக்கு இந்தக் கழுவல் டீசல் போடுவதைப் போலவே கட்டாயம்.

மீட்டரில் காற்று முழுதாக இருந்தும் பிரேக் பிடிக்காமல் போகுமா? போகும். பழைய லாரியில் மிக ஆபத்தான கோளாறு இதுதான். லைனர் தேயத் தேய, டிரம்மைத் தொடுவதற்குக் கம்பி இன்னும் தூரம் போக வேண்டும். மலையிறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்தால் அந்தத் தூரம் மேலும் கூடும். கம்பி பூஸ்டருக்குள் தன் கடைசி எல்லையைத் தொட்டுவிட்டால், டேங்கில் எத்தனை பார் இருந்தாலும் பயனில்லை. காலையில் தெருவில் நன்றாகப் பிடித்த அதே பிரேக், பத்தலப்பல்லி மலைப்பாதையின் பாதி இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான்.

இதைச் சோதிப்பது எளிது. சமதரையில் கட்டை போட்டு, காற்று முழுதாக ஏறியதும் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். கம்பி பூஸ்டரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கையை வெளியே எடுத்தபின் இன்னொருவர் பெடலை முழுதாக மிதிக்கட்டும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். பரவலாக உள்ள 30 அளவுப் பூஸ்டரில் கம்பியின் மொத்த ஓட்டமே சுமார் இரண்டரை அங்குலம்தான். இரண்டு அங்குலத்தை எட்டினால் அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். இல்லையென்றால் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் வண்டியில் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் இருந்து, அதையும் அடிக்கடி கையால் திருப்ப வேண்டியிருந்தால், திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே நிலையில் பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக வண்டி உரிமத் தேர்வில், டிரெய்லர் இல்லாத லாரிக்கு ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்குங்கள். சுமார் 4 பாருக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை விளக்கோ பஸரோ வர வேண்டும். பல பழைய வண்டிகளில் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். உங்கள் வண்டியிலும் அப்படி இருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

இறக்கத்தில் என்ன செய்வது? ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது கொலைக்குச் சமம். தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர்கள் போயின என்பது அந்தச் சாலையில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

ஒன்றை மட்டும் நீங்களே செய்யக் கூடாது: ஸ்பிரிங் பூஸ்டரின் கிளாம்பைக் கழற்றுவது. உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். உப்பில் அரித்த பூஸ்டர் என்றால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கியாயிற்றே, போதாதா? எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தச் சோதனை. லைனர் தினமும் தேய்கிறது. ஆகவே சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரைவர் "காற்று நிற்கல, இன்னைக்கு வண்டி வேண்டாம்" என்று சொன்னால், லோடு தாமதமாவதற்காக அவரைத் திட்டாதீர்கள். அன்றைய வாடகை போனாலும் வண்டியை நிறுத்துங்கள்.