மணமகளின் கையொப்பம்



தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கிடக்கும் கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். இக்கரையில் கீழக்கரையும் காயல்பட்டினமும், அக்கரையில் பேருவளையும் புத்தளமும் காத்தான்குடியும். இரு கரைகளிலும் நிகாஹ் மஜ்லிஸ் ஒன்றுக்குச் சென்று அமர்ந்து பாருங்கள். அதே குத்பா, அதே துஆ, பல ஊர்களில் அதே ஸஹன் சாப்பாடு, விருந்தின் இறுதியில் அதே வட்டிலப்பம். மாப்பிள்ளையின் வாப்பா இங்கும் வாப்பாதான், அங்கும் வாப்பாதான். ஆயினும் மஜ்லிஸ் முடிந்து தப்தரை விரிக்கும்போது ஒரு வேற்றுமை கண்ணில் படும். நம் தமிழ்நாட்டின் பல ஜமாஅத்துகளில் மணமகள் கையொப்பமிடுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. வலியும் சாட்சிகளும் தப்தரை ஏந்திக்கொண்டு பெண்கள் அமர்ந்திருக்கும் பகுதிக்குச் செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த பதிவுமுறையிலோ மணமகன் பிரகடனம் செய்கிறார்; மணமகளின் வலி பிரகடனம் செய்கிறார். யாருடைய வாழ்க்கை அன்று மாறுகிறதோ, அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கு அச்சட்டம் இடம் வைக்கவில்லை.

இந்த ஒரு கையொப்பத்தைப் பற்றி அந்நாட்டில் பல ஆண்டுகளாக விவாதம் நடைபெற்று வருகிறது. அதனை வெறும் அயல்நாட்டுச் செய்தியாகக் கருதிப் பக்கத்தைப் புரட்டிவிட என்னால் இயலவில்லை. நிஸ்வான் மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் நடத்துகின்றவன் நான். நிகாஹ் பாடத்தை எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு மாணவி எழுந்து, "ஹஜ்ரத், பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்கிறீர்களே, அழுதால் என்ன?" என்று கேட்டுவிடுகிறாள். கேள்வி பழையது. இமாம்களும் அதனை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அது வரும்போது அதன் கனமே வேறு.

இலங்கையில் முஸ்லிம்களுக்கென்று தனிச்சட்டம் வந்த வரலாறு நீண்டது. டச்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரு தொகுப்பைக் கொணர்ந்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் முகமதியச் சட்டக்கோவையை இயற்றினர். அதன்பின் 1929இல் ஓர் அவசரச் சட்டம், 1951இல் இன்றைய விவாதத்திற்குரிய சட்டம். காழி நீதிமன்றங்கள் இதன்கீழ் இயங்குபவை. காழியாக ஆண் மட்டுமே அமரலாம். வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் நிகாஹைக்கூடக் காழியின் அனுமதியோடு பதிவு செய்யலாம் என்று இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. 1995இல் அந்நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டபோது முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 16ஆம் உறுப்புரையோ, முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று கூறிவிட்டது. எனவே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியும் பயனில்லை. நாடாளுமன்றம் திருத்தினால்தான் உண்டு.

நம் நாட்டு நிலை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் வந்த 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் நமக்கு ஷரீஅத்தே பொருந்தும் என்று சொன்னதே தவிர, விதிகளை வரிவரியாக எழுதி வைக்கவில்லை. பெண்கள் விவாகரத்துப் பெறும் வழிகளை 1939ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. நம் காழிகளுக்கு நீதிமன்ற அதிகாரம் எதுவும் இல்லை. அவர்கள் வழங்கும் தலாக் சான்றிதழை ஒரு கருத்தாக மட்டுமே கொள்ள முடியும் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வந்த பிறகு, எந்தச் சமயத்தவராயினும் மணமக்கள் இருவருமே கையொப்பமிட்டுப் பதிய வேண்டும் என்றாகிவிட்டது. அன்று நம்மவர் பலர் பள்ளிவாசல் தப்தரே போதும் என்று குரல் எழுப்பினார்கள். எனக்கும் தப்தரின்மீது பற்று உண்டு. ஆனால் கணவன் அயல்நாடு சென்று மறைந்துபோன ஒரு பெண், தன் திருமணத்தை நிரூபிக்க ஊர் ஊராக அலைந்ததைக் கண்ட பின்னர், அரசின் பதிவை எதிர்த்துப் பேச என் நாக்கு எழவில்லை.

இலங்கையில் 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரியில்தான் அறிக்கை கையளிக்கப்பட்டது. அதுவும் ஒரே அறிக்கையாக வரவில்லை; உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து இரு வேறு பரிந்துரைகளைத் தந்தார்கள். முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் ஒருபுறம், உலமாக்களில் ஒரு சாரார் மறுபுறம். இடையில் 2019 ஏப்ரல் 21 வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட பாவிகள் நடத்திய படுகொலைக்குப் பின்னர், இலங்கை முஸ்லிம் என்றாலே சந்தேகப் பார்வைதான். முகத்திரைக்குத் தடை வந்தது. கடைகள் எரிந்தன. 2020இல் கொரோனா வந்தபோது, உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியும் முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாட்களே ஆன ஒரு பச்சிளங் குழந்தையும் அதில் அடக்கம். பொரளைக் கனத்தை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினார்கள். கஃபன் துணி அது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை இக்கொடுமை நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிந்த சாம்பலுக்கு மன்னிப்பு என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் அதையாவது கேட்டார்களே என்ற எண்ணமும் உடன் எழுகிறது.

அதே 2021இல் அந்நாட்டு அமைச்சரவை, முஸ்லிம் விவாகச் சட்டத்தில் பெண்ணின் கையொப்பம், பதினெட்டு வயது, காழி நீதிமன்ற ஒழிப்பு ஆகியவற்றுக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் 'ஒரு நாடு ஒரு சட்டம்' என்ற பெயரில் ஒரு செயலணியையும் ஜனாதிபதி அமைத்தார். அதற்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் யார் தெரியுமா? முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்களால் பெயர் பெற்ற ஞானசார தேரர். மகளின் வயதைப் பற்றிய கவலையை அவரிடமிருந்து எந்தத் தகப்பன் ஏற்பான்? நியாயமான திருத்தமும் அவர் கையில் சென்றதும் மிரட்டலாக மாறிவிட்டது. தயங்கி நின்ற முஸ்லிம் உறுப்பினர்கள் பின்னர் ஒன்றுகூடி, காழி முறையையும் வலியின் இடத்தையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நீதியமைச்சருக்கு எழுதினார்கள். 2024 முடியும் வரையிலும் சட்டம் திருத்தப்படவில்லை.

நம் நாட்டுக் காட்சி இதிலிருந்து பெரிதும் விலகியதன்று. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மார்க்க அறிஞர்களே பித்அத் என்று பெயர் சூட்டிய ஒன்று அது. செல்லாது என்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் செல்லாத சொல்லைச் சொன்னவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று 2019இல் சட்டம் இயற்றியபோது, சிறைக்குப் போனவன் ஜீவனாம்சம் எங்கிருந்து கொடுப்பான் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. உத்தரகாண்டில் 2024 பிப்ரவரியில் பொது சிவில் சட்டம் நிறைவேறியது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினருக்கு அதில் விலக்கு உண்டு. பொதுச்சட்டம் என்பதன் பொருள் என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2024 ஜூனில் தில்லியில் அமைச்சரவை பதவியேற்றபோது அதில் ஒரு முஸ்லிமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பில் அறிவிக்கப்பட்ட அமைச்சரவையிலும் இல்லை. அங்கு வென்றவர்கள் இனவாதம் பேசி வென்றவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தகைய சூழலில், 'இப்போது நம் சட்டத்தில் கைவைக்கக் கூடாது' என்று நம்மவர் கூறுவதன் அச்சம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த 'இப்போது' எப்போது முடியும்? 1995இல் பன்னிரண்டு வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும்.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். வாசகர்களிடம் எதையும் மறைக்காமல் சொல்வதே கண்ணியம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரும் நம் கடற்கரை ஊர்களில் பலரும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கன்னிப் பெண்ணைத் தகப்பன் அவளுடைய அனுமதியின்றியும் மணமுடித்து வைக்கலாம் என்ற கருத்து நம் கிதாபுகளில் உண்டு. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. அனுமதி கேட்பது சிறந்தது என்றும் உண்டு. ஹனஃபி மத்ஹபிலோ பருவமடைந்த பெண்ணை அவள் விருப்பமின்றி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தகப்பன் தன் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்து வைத்ததாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த நிகாஹை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். அவர் ஏற்கெனவே மணமாகியிருந்தவர் என்பதைச் சுட்டிக்காட்டி, இச்செய்தி கன்னிப் பெண்ணுக்குப் பொருந்தாது என்பார் சிலர். கிதாபின்படி அது சரியான வாதந்தான். ஆனால் கையொப்பம் வாங்கக் கூடாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லையே! 1951ஆம் ஆண்டுச் சட்டமே, ஷாஃபிஈ மணமகளின் சம்மதத்தை வலி தெரிவிக்க வேண்டும் என்று 25ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. சம்மதம் வேண்டும் என்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. அதனை அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளத்தான் தயக்கம். எண்பது விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியா 2019இல் பெண்ணின் திருமண வயதைப் பத்தொன்பதாக உயர்த்தியது. அங்கே சமய நீதிமன்றங்களில் பெண்களும் நீதிபதிகளாக அமர்கிறார்கள்.

இவ்வளவு பேசும் இரு நாட்டு அரசியலாரும் கண்ணெடுத்தும் பாராத விஷயம் ஒன்று உண்டு. அது வீடு. காயல்பட்டினத்திலும் காத்தான்குடியிலும் மணமான பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு. கிழக்கிலங்கை ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது சீதனத்தின் தலையாய பகுதி. இதில் ஒரு நன்மை உண்டு. அதனை வெளியூரார் எளிதில் உணர மாட்டார்கள். மணவாழ்வு முறிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவன் கணவனே. பெண் தன் உம்மாவோடும் சகோதரிகளோடும் தன் கூரையின் கீழேயே இருக்கிறாள். வடநாட்டுச் சகோதரிகள் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் உண்டு?

ஆனால் அந்தக் கூரைக்கு விலை கொடுப்பவர் யார்? மூன்று பெண்மக்களைப் பெற்ற வாப்பா மூன்று வீடுகள் கட்ட வேண்டும். அதற்காக வளைகுடாவில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். மகள் பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டவர், அவள் நிகாஹுக்கு விடுப்பில் வந்து வலியாக அமர்கிறார். தங்கைக்கு வீடு முடியும் வரை அண்ணன்மாரின் திருமணம் தள்ளிப்போகிறது. இலங்கைச் சட்டம் மஹரோடு கைக்கூலியையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. பிரிவு நேரும்போது அந்தத் தொகையை மீட்கப் பெண் காழியிடம் வழக்குத் தொடரலாம். நம் நாட்டிலோ 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்கிறது. மஹருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. தடை செய்ததால் கைக்கூலி நின்றுவிடவில்லை. தப்தரில் ஏறாமல் கைமாறுகிறது, அவ்வளவே. அங்கே எழுதி வைத்து வாங்குகிறார்கள். இங்கே எழுதாமல் வாங்குகிறார்கள். திரும்பப் பெறும் வேளையில் எழுதி வைத்தவளே பிழைக்கிறாள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் ஜமாஅத்துகளின் தப்தர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையொப்பம் வாங்குகிறோம் என்று நாம் பெருமைப்படுகிறோம், எப்போது வாங்குகிறோம்? பந்தல் போட்டு, பிரியாணிச் சட்டி அடுப்பில் ஏறி, மாப்பிள்ளை மாலையோடு வந்து அமர்ந்த பின்னர். அந்த நேரத்தில் எந்தப் பெண் பேனாவைக் கீழே வைப்பாள்? நிச்சயம் பேசும் நாளிலேயே, தகப்பனோ மாமாவோ பக்கத்தில் இல்லாத வேளையில், அவள் நம்பும் ஒரு மூதாட்டியோ ஆலிமாவோ தனியே கேட்டு வந்து சொல்ல ஓர் ஏற்பாடு செய்தால் என்ன? இதற்கு நாடாளுமன்றமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். முத்தவல்லியும் இமாமும் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் அமர்ந்து பேசினால் போதும். எங்கள் மதரஸாவில் பயின்று வெளியேறும் ஆலிமாக்களிடம் இந்தப் பணியை ஒப்படைக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் இத்தகைய வழக்கம் முன்பே இருந்தால் எப்படி நடத்துகிறீர்கள், பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். குறிப்பாகத் தாய்மார்கள் எழுதுங்கள்.