ட்ரோன் மோட்டாரில் ஒரு சிஎன்சி ஸ்பிண்டில்

3018 மாதிரி சின்ன சிஎன்சி ரவுட்டர் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் முதலில் கை வைக்க நினைப்பது அதன் ஸ்பிண்டிலில்தான். மெஷினோடு வருவது 775 என்கிற பிரஷ் மோட்டார். அதன் 5 மிமீ ஷாஃப்டில், ஈஆர்11 கோலட் பிடிக்கும் ஒரு குழாயைச் சொருகி, பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ வைத்து இறுக்கியிருப்பார்கள். மரத்தில் பெயர் பொறிக்க இது தாராளம். பிசிபியில் 0.2 மிமீ இடைவெளி எடுக்கவோ, அலுமினியத்தில் ஒரு பிராக்கெட் வெட்டவோ உட்கார்ந்தால்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

"பிரஷ்லெஸ் மோட்டார் போட்டா சரியாயிடுமா?" என்பது அடுத்த கேள்வி. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். போடலாம், நல்லாவே ஓடும். ஆனால் காசு செலவு பண்ணும் முன் ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

3 மிமீ கட்டர், முழு அகலத்துக்கும் வெட்டு, 0.5 மிமீ ஆழம், நிமிடத்துக்கு 600 மிமீ வேகம். ஒரு நிமிடத்தில் சீவி எடுப்பது 900 கன மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 15. அலுமினியத்தில் ஒரு கன மில்லிமீட்டரைச் சீவ சுமார் 0.8 ஜூல் வேண்டும். ஆக 12 வாட். சீவல் மெல்லிசாக இருந்தால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும், இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பவும் 25 வாட்டைத் தாண்டவில்லை! பழைய 775 மோட்டாரே இதைக் கொடுத்துவிடும். இந்தச் சட்டத்தின் விறைப்புக்கு இதைவிட ஆழமாக வெட்டவும் முடியாது. அப்படியென்றால் 500 வாட், 800 வாட் என்று தேடுவதில் என்ன பயன்?

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். 12000 ஆர்பிஎம்மில் இரண்டு பல் கட்டர் ஓடுகிறது. 600 மிமீயை 24000 பற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பல்லுக்கு 0.025 மிமீ. டயல் கேஜில் உங்கள் கட்டர் 0.025 மிமீ ரன்அவுட் காட்டுகிறது என்றால், மோசமான கோணத்தில் ஒரு பல் 0.05 மிமீ சீவும், எதிர்ப் பல் சும்மா தேய்த்துக்கொண்டு வரும். கீச்சென்ற சத்தம், அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொள்வது, சின்ன கட்டர் பட்டென்று முறிவது, முக்கால்வாசி இதனால்தான். பிசிபிக்கும் அதே கதை: 0.1 மிமீ முனை உள்ள வி-பிட் 0.05 ரன்அவுட்டில் 0.15 மிமீ அகலத்துக்கு வெட்டும்.

ஆக நாம செய்ய வேண்டியது ஒரு நல்ல ஷாஃப்டும் நல்ல பேரிங்கும்தான். மோட்டார் அதைச் சுற்றிவிட்டால் போதும். ட்ரோன், ஆர்சி விமான மோட்டார்களின் ஷாஃப்டிலேயே நேரடியாகக் கோலட்டை மாட்டும் ஐடியாவை நான் ஒதுக்கியதற்கும் இதுதான் காரணம். அந்த மோட்டார்களின் பேரிங்குகள் ப்ரொபெல்லரைச் சுற்ற வந்தவை; பக்கவாட்டில் ஒரு கட்டர் தள்ளுவதைத் தாங்க அல்ல. போதாததற்கு கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளி, ரன்அவுட்டைத் தானே உண்டாக்கும்.

ஷாஃப்டை எங்கே தேடுவது? ஈஆர்11 கோலட் சக்கையே நீளமான ஷாங்கோடு விற்கிறார்கள். 10 மிமீ விட்டம், 100 மிமீ நீளம், கிரைண்ட் செய்தது. அதையே ஷாஃப்டாக வைத்துக்கொண்டால், மாட்டுவதில் வரும் ரன்அவுட் என்ற பேச்சே இல்லை. வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் நான்காவது அடுக்கில் ஏறும். 5 மிமீக்கு 10 மிமீ என்றால் 16 மடங்கு. 7000 வகை ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் 10 x 26 x 8 மிமீ. ஷாங்கில் நேராக உட்காரும். சாதாரணப் பேரிங்கில் குண்டுகளுக்கும் தடத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து நீளவாக்கில் அழுத்திவிட்டால் அந்த இடைவெளியே காணாமல் போய்விடும். இதைத்தான் ப்ரீலோட் என்கிறோம்.

ஹவுசிங் லேத் வேலை. 52 மிமீ வெளிவிட்டம் உள்ள அலுமினிய உருளை. அந்த அளவுக்குத்தான் கிளாம்ப் கடையில் ரெடியாகக் கிடைக்கிறது. டர்னரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: 26 மிமீ துளையை ஒரே செட்டிங்கில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராகப் போட்டுத் தரணும். நடுவில் படி வேண்டாம். படி வைத்தால் ஜாபைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் துளை போட வேண்டி வரும். இரண்டு துளைகளின் மையமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு அப்புறம் யார் உத்தரவாதம்? படிக்குப் பதிலாக இரண்டு பேரிங்கின் வெளி வளையங்களுக்கு நடுவே 60 மிமீ ஸ்டீல் குழாய் ஒன்றை ஸ்பேசராக நுழைத்துவிட்டேன். குழாயின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கணும், அது மட்டும் முக்கியம்.

ஏன் ஸ்டீல்? சூடு ஏறினால் அலுமினியம் ஸ்டீலைப்போல இரண்டு மடங்கு நீளும். 60 மிமீ அலுமினிய ஸ்பேசர் 30 டிகிரி சூடானால், கூட இருக்கும் ஸ்டீல் ஷாஃப்டைவிட சுமார் 0.02 மிமீ அதிகம் நீளும். வெளி வளையங்களை அது விலக்கித் தள்ள, ப்ரீலோட் எகிற, பேரிங் இன்னும் சூடாக, இன்னும் நீள... புரிந்திருக்கும். ஸ்டீல் ஸ்பேசர் போட்டாலும் ஷாஃப்டும் ஹவுசிங்கும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. அதனால் மேலே ஒரு கிளாம்ப் காலர், காலருக்கும் உள் வளையத்துக்கும் நடுவே ஸ்ப்ரிங் வாஷர்கள், சுமார் 50 நியூட்டன் அழுத்தம். ஹெலிக்ஸ் உள்ள சாதாரண கட்டர் தன்னைத்தானே கீழே இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்ப்ரிங் அந்த இழுப்பைவிட வலுவாக இருக்கணும். நம் கணக்கில் கட்டரின் விளிம்பில் வரும் விசையே சராசரி 6 முதல் 12 நியூட்டன்தான் என்பதால் 50 தாராளம். கீழே சக்கின் தலை பேரிங்கின் வெளி வளையத்தில் உரசாமல் இருக்க மெல்லிய வாஷர் ஒன்று. கிளாம்ப் காலர் இரண்டு துண்டாகப் பிரியும் வகையாக இருப்பது நல்லது. 12000 ஆர்பிஎம்மில், மையத்திலிருந்து 10 மிமீ தள்ளி ஒரே ஒரு கிராம் அதிகப்படி இருந்தால்கூட 16 நியூட்டன், கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ எடை, விநாடிக்கு 200 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும்.

மோட்டார் பக்கத்தில் நிற்கிறது. 20 பல் புல்லி இரண்டு, 2 மிமீ பிட்ச் டைமிங் பெல்ட். பெல்ட் வேகம் விநாடிக்கு 8 மீட்டர், பிரச்சினை இல்லை. சத்தம் மட்டும் உண்டு, வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

மோட்டார் தேர்வில் கேவி எண்ணைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்பது அது. 24 வோல்ட் சப்ளையில் 700 கேவி என்றால் லோட் இல்லாமல் 16800. கேவி குறைந்தால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் கூடும்: 9.55ஐ கேவியால் வகுத்தால் வரும் நியூட்டன்-மீட்டர். 700க்கு 0.0136. நம் 12 வாட் வெட்டுக்கு 12000 ஆர்பிஎம்மில் 0.01 நியூட்டன்-மீட்டர் போதும், அதாவது முக்கால் ஆம்பியர். 1000 வாட் என்று லேபிளில் போட்டிருந்தாலும், அது ப்ரொபெல்லர் காற்று மோட்டார் மேல் வீசும்போது சொல்லும் கணக்கு. இங்கே காற்று கிடையாது. அதில் ஒரு சிறு பங்குதான் நமக்கு, அதுவே ஏகப்பட்டது. லோட் ஏறினால் வேகம் விழாதா என்று கேட்கலாம். சுற்றின் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் என்றால், 5 ஆம்பியர் இழுத்தாலும் விழுவது 175 ஆர்பிஎம். இதுக்காக க்ளோஸ்டு லூப் எல்லாம் எழுத உட்காராதீர்கள். (சாஃப்ட்வேர்காரனுக்கு அந்த ஆசை வரும், எனக்குத் தெரியும்.)

கோட் எழுத வேண்டிய இடம் வேறொன்று. மோட்டாரை ஓட்டும் ஈஎஸ்சிக்கு 1 முதல் 2 மில்லிசெகண்ட் அகலமுள்ள பல்ஸ் வேணும். ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் ஸ்பிண்டிலுக்குப் பயன்படுத்துவது 8 பிட் டைமர். அதை 1024ஆல் வகுத்து மெதுவாக்கினால் 61 ஹெர்ட்ஸ் வரும், ஈஎஸ்சி ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு எண்ணிக்கை 64 மைக்ரோசெகண்ட். 1 மில்லிசெகண்டுக்கும் 2க்கும் நடுவே மொத்தமே பதினைந்து படிகள், ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்கு மேல் ஆர்பிஎம் தாவும். எஸ்12000 என்று எழுதினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நடுவில் ஒரு நானோ வைத்தேன். ஜிஆர்பிஎல் தரும் பிடபிள்யூஎம்மை ஒரு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வழியாக வோல்டேஜாக்கி நானோ படிக்கிறது. அதன் 16 பிட் டைமர் அரை மைக்ரோசெகண்ட் துல்லியத்தில் பல்ஸ் கொடுக்கிறது. வேகத்தை இரண்டு விநாடியில் படிப்படியாக ஏற்றுவதும் அங்கேதான்.

ஈஎஸ்சியில் பிரேக்கை ஆஃப் பண்ணிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி கரண்டைத் திருப்பி அனுப்பும். பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும், எஸ்எம்பிஎஸ் வாங்காது. வோல்டேஜ் ஏறி ட்ரிப் ஆகும், அல்லது ஏதாவது ஒன்று வெடிக்கும். வயர் நீளம் போதாவிட்டால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள், சப்ளை பக்கம் வேண்டாம். எமர்ஜென்சி ஸ்விட்ச் 24 வோல்ட்டையே துண்டிக்கணும். சிக்னலை மட்டும் துண்டித்தால் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பு ஒரு மலிவு ஈஎஸ்சியின் ஃபர்ம்வேரிடம் போய்விடும். சுற்றுவது உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும் கார்பைட் கட்டர்.

வாங்கித் தீர்த்துவிடலாமே என்றால், தாராளமாக. ஈஆர்11 உள்ள 500 வாட் ஸ்பிண்டில் ரெடியாகக் கிடைக்கும். உங்கள் நேரத்துக்கு விலை போட்டால் இதைவிட மலிவு. ஆனால் அதன் எடையை 3018 மாதிரி சட்டம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்ததில் பேரிங் போனால் இரண்டு பேரிங் வாங்கிப் போட்டால் முடிந்தது.

முதல் ஓட்டத்தில் அவசரம் வேண்டாம். பேரிங்கில் கிரீஸ் கால் பங்கு போதும். திணித்து வைத்தால் கடைந்துகொண்டே சூடாகும். 2000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம், நிறுத்தி ஆறவிட்டு, பிறகு 4000, இப்படி ஏற்றினேன். ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தால் கை வைத்துக்கொண்டிருக்க முடியணும். 12000இல் அரை மணி ஓடிய பிறகு, கோலட்டிலிருந்து 20 மிமீ கீழே 3 மிமீ கார்பைட் ஷாங்கில் டயல் கேஜ் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். முள் ஒரு கோடு, 0.01 மிமீ, முழுசாக நகரவில்லை. அதே ஸ்பிண்டிலில் விலை குறைந்த வேறொரு கோலட்டைப் போட்டதும் மூன்று கோடு. நல்ல கோலட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.