உஷார்! ஈரச் சிமெண்டு சத்தமில்லாமல் சுடும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருப்பணி என்றால் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை கை கொடுக்க வந்துவிடுவார்கள். நல்ல காரியம். ஆனால் வெறுங்காலோடு சிமெண்டுக் கலவையில் இறங்குகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

வெற்றிலையில் சுண்ணாம்பு சற்றுக் கூடினாலே வாய் வெந்துபோகிறதே, அதே குணம்தான் சிமெண்டுக்கும். இரண்டுக்கும் மூலம் சுண்ணாம்புக்கல். நம் பத்துமலையும் அந்தக் கல்தான். அதைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கல்சுண்ணாம்பு. களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டு, ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமெண்டு. ராவாங்கில் 1953-இல் தொடங்கிய சிமெண்டு ஆலையில் நடந்ததும் இதுதான். மூட்டைக்குள் சும்மா கிடக்கும் அந்தத் தூளில் தண்ணீர் பட்டதும் காரம் விழித்துக்கொள்கிறது.

ஆபத்து எங்கே தெரியுமா? நெருப்புப் பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்வோம். ஈரச் சிமெண்டு உடனே வலிக்காது. காலையில் பூட்ஸுக்குள் புகுந்த கலவை மாலையில்தான் எரியத் தொடங்கும். அதற்குள் தோல் ஆழமாக வெந்திருக்கும். முழங்காலிட்டுத் தரை பூசுகிறவர்களுக்கு முழங்கால் தோலே வெந்துபோகும்.

கண்ணில் பட்டாலோ இன்னும் மோசம். காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், பார்வையே பறிபோகலாம். சுண்ணாம்பும் அப்படித்தான். பாக்கு வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பு டப்பாவும் பாக்கெட்டும் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. அழுத்தினால் நேரே கண்ணில் பீறிடும்!

வெள்ளையடிக்கக் கல்சுண்ணாம்பை நீற்றும்போது அதன்மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். அகன்ற இரும்புத் தொட்டியில் நிறையத் தண்ணீர் வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மூடிய போத்தலில் ஒருபோதும் வேண்டாம், வெடிக்கும்.

துணிக் கையுறை ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலில் ஒட்டும். ரப்பர் கையுறை, உயரமான ரப்பர் பூட்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும்.

பட்டுவிட்டதா? காய்ந்த தூளை முதலில் தட்டிவிடுங்கள். நனைந்த உடுப்பையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், எண்ணெய் எதுவும் போடாதீர்கள். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்து 30 நிமிடம் தண்ணீர் விடுங்கள். 999-ஐ அழையுங்கள், தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனாலும் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள்.

அதனால் அடுத்த முறை மூட்டையைப் பிரிப்பதற்கு முன், குழைக்கும் தண்ணீரைத் தவிர, கழுவுவதற்கென்றே ஒரு தோம்பு நல்ல தண்ணீர் நிரப்பி வையுங்கள். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான்.