அமெரிக்க வதிவிட உரிமை: புதுமணத் தம்பதியரும் இரண்டாண்டு நிபந்தனையும்

வெளிநாட்டவரான தனது வாழ்க்கைத் துணையை அமெரிக்காவுக்குள் அழைத்துவரும் அடிப்படை உரிமை எதுவும் அமெரிக்கப் பிரஜை ஒருவருக்கு அரசியல் சட்டத்தின் கீழ் இல்லை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. எல் சால்வடோர் நாட்டவரான தனது கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து, சாண்ட்ரா முன்யோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடுத்த வழக்கில் இத்தீர்ப்பு வெளியானது. திருமணம் செய்துகொள்ளும் உரிமை வேறு, திருமணம் செய்துகொண்டவருடன் அமெரிக்க மண்ணில் வாழும் உரிமை வேறு என்பதே இதன் சாரம்.

பெரும்பாலான தம்பதியருக்கு விசா மறுக்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தம்பதியரை ஒரே அலகாகப் பார்ப்பதில்லை என்பதை இவ்வழக்கு தெளிவாக்குகிறது. ஒருவர் மனு செய்கிறார், மற்றவர் அந்த மனுவின் பயனாளியாகிறார். திருமணமாகி அமெரிக்கா செல்லும் தமிழ்ப் பெண்களில் பலர் தமது வதிவிட உரிமை முழுவதும் கணவரின் கையில் இருப்பதாகக் கருதுவதற்கு இந்த அமைப்பே காரணம். அந்தக் கருத்து பாதி மட்டுமே சரி.

மனு செய்பவர் யார்?

முதல் படி, ஐ-130 எனப்படும் மனு. இதை அமெரிக்காவில் உள்ள துணைவர்தான் தாக்கல் செய்ய வேண்டும். அவர் பிரஜையாக இருந்தால், ஆண்டுக்கு இத்தனை விசாக்கள் என்ற உச்சவரம்பு அவரது மனைவிக்கோ கணவருக்கோ பொருந்தாது. அவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால், எஃப்2ஏ என்ற பிரிவில் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் கணவர் பிரஜாவுரிமை பெற்றுவிட்டால் மனைவியின் மனு தானாகவே வரம்பற்ற பிரிவுக்கு மாறிவிடும். இதில் பலரும் கவனிக்கத் தவறும் சிக்கல் ஒன்று இருக்கிறது. எஃப்2ஏ பிரிவில் தாயின் மனுவிலேயே பிள்ளைகளும் அடங்குவர். பிரஜையின் துணைவர் என்ற பிரிவில் அவர்கள் அடங்கமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மனு தேவை. தாய்க்கு விசா கிடைத்து, பிள்ளைகள் ஊரில் தங்கிவிட நேரும் நிலை இதனால் ஏற்படுகிறது.

மனு ஏற்கப்பட்ட பின் ஆவணங்கள் தேசிய விசா மையத்துக்குச் செல்கின்றன. காவல்துறைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவை அங்கு கேட்கப்படும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயமாகும். கோவில் ரசீதும் அழைப்பிதழும் அதற்கு மாற்றாகா. பெயர் விவகாரம் இதைவிடத் தொல்லை தருவது. குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லாத தமிழர் பலரது கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான் உண்டு. அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்துகள் இடம்பெறும். பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அவையே தொடரும். மனு செய்வதற்கு முன்பே கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்து எழுதிவைப்பது நல்லது.

1986இல் வந்த நிபந்தனை

வதிவிட உரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால், கிடைப்பது நிபந்தனைக்குட்பட்ட உரிமை. அட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பத்தாண்டு அட்டை பெற, அந்த இரண்டாண்டு முடிவடைவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.

போலித் திருமணங்களைத் தடுப்பதற்காக 1986ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இது. இத்தகைய திருமணங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் போலியானவை என்று அப்போதைய குடிவரவுத் துறை அமெரிக்க நாடாளுமன்றத்தில் கூறியிருந்தது. அந்தக் கணக்கு ஆதாரமற்றது என்பது பின்னர் தெரியவந்தது. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கு நாட்கணக்கு முக்கியமானது. பதிவுத் திருமணத்தை முதலில் முடித்து, தாலி கட்டும் சடங்கைப் பின்னர் நடத்துவது இலங்கைத் தமிழரிடையே வழக்கம். அதிகாரிகள் பார்ப்பது சான்றிதழில் உள்ள நாளைத்தான். இரண்டாண்டு நிறைவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது விசா கிடைத்தால், அது காலாவதியாகாத வரையில், பயணத்தைத் தள்ளிப்போடுவதன் மூலம் இந்த நிபந்தனையை முற்றாகத் தவிர்க்க முடியும். விசாவில் நிபந்தனைப் பிரிவு குறிக்கப்பட்டிருந்தாலும், நுழையும் நாளில் இரண்டாண்டு நிறைவடைந்திருப்பதை விமான நிலைய அதிகாரியிடம் சுட்டிக்காட்ட வேண்டும்.

கணவர் கையெழுத்திட மறுத்தால்

மனைவி அமெரிக்காவுக்குள் நுழையும் வரையில் கணவர் தனது மனுவைத் திரும்பப் பெறலாம். நுழைந்து வதிவிட உரிமை பெற்ற பின்னர், ஒரு கடிதம் எழுதி அதை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 'உன் கிரீன் கார்டை ரத்து செய்துவிடுவேன்' என்பது குடும்பங்களுக்குள் அடிக்கடி கேட்கும் மிரட்டல். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கூட்டு மனுவில் கையெழுத்திட அவர் மறுத்தால், துணைவர் தனியாக மனு செய்யலாம். உண்மையான நோக்கத்துடன் செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தாலோ, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என்றாலோ விலக்கு உண்டு. துன்புறுத்தலுக்கு உள்ளானவர்களுக்கான விலக்கு 1990இல் சேர்க்கப்பட்டது. அதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மனு பற்றிய விவரத்தைத் துன்புறுத்தியவருக்கு அதிகாரிகள் வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆணோ பெண்ணோ எவரும் இதைக் கோரலாம். எதையும் தாக்கல் செய்யாமல் இரண்டாண்டைக் கடத்திவிடுவதே ஆபத்தானது; அப்போது வதிவிட உரிமை தானாகவே முடிவுக்கு வந்து, நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கக்கூடும்.

எந்த வழியில் மனு செய்தாலும், சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகள் தேவை. நமது குடும்பங்களில் இதுவே பலவீனமான இடம். வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, காப்புறுதி எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், திருமணப் படங்களைத் தவிர வேறு எதையும் காட்ட முடியாத நிலை உருவாகிறது. சண்டை தொடங்கிய பிறகு இவற்றைச் சேகரிப்பது கடினம். வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்குவது எளிது.

விவாகரத்துக்குப் பின்னும் தொடரும் கடப்பாடு

விசா கிடைப்பதற்கு முன் கணவர் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரத்தை, அதாவது ஐ-864ஐ, பலரும் சம்பிரதாயக் காகிதமாகவே கருதுகின்றனர். குடும்ப வருமானம் அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வருமானம் போதாதெனில் வேறொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கலாம்.

ஆனால் இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். வந்தவர் பிரஜாவுரிமை பெறும்போதோ, 40 காலாண்டுகள் வேலை செய்ததாகக் கணக்கு வரும்போதோ, வதிவிட உரிமையைக் கைவிட்டு நிரந்தரமாக வெளியேறும்போதோ, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்போதோதான் இந்தக் கடப்பாடு முடிவடைகிறது. விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. வருமானமின்றிக் கைவிடப்பட்ட மனைவி, இதன் அடிப்படையில் முன்னாள் கணவர் மீது தானே வழக்குத் தொடரலாம். அதற்கு அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்று, கணவரின் கோப்பில் மட்டுமன்றி, அவரிடமும் இருக்க வேண்டும்.